இதர வகை, ஒரு பெட்டி

மண்டபத்தில் பழைய சுங்கக் கிட்டங்கியின்
மேற்குச் சுவர் ஐப்பசி மழையில் விழுந்தபோது
உள்ளே கிடந்தவை:
துருப்பிடித்த தராசு, கயிற்றுச் சுருள்,
தகரப் பெட்டியில் ஏழு ரீல்.
மூடியில் பாதி அழிந்த மை:
"சிரிப்புப் படம். தலைமன்னார் போக."
போகவில்லை.

சென்னையிலிருந்து என்னை அனுப்பினார்கள்,
பூதக்கண்ணாடி, பருத்திக் கையுறை,
நான்கு பக்க எச்சரிக்கைத் தாளோடு.
நைட்ரேட் சுருள். தானே பற்றும்.
பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும்.
ஏற்ற மாட்டோம் என்றார்கள் ரயில் நிலையத்தில்.
பேருந்தில் நான் கேட்கவே இல்லை.
குளிரில் வை, பதில் வரும் என்றது அலுவலகம்.

இந்தக் கரையில் குளிர் கிடைப்பது ஓரிடத்தில்.
செய்யது பாதுஷாவின் இறால் குளிரறை,
மைனஸ் பதினெட்டு.
அவர் பெட்டியை முகர்ந்து பார்த்தார்.
"கெட்டா நாறுமா?"
நாறும் என்றேன்.
"அப்ப இறால் கணக்குத்தான். நாளைக்கு எட்டு ரூவா."

தலை கிள்ளும் மேசை
ஆறு மணிக்கு மேல் எனக்கு.
கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கைக் கட்டிச்
சட்டம் சட்டமாய் நகர்த்தினேன்.
கித்தேரி கைகழுவி வந்து நின்றாள்.
"என்னத்தப் பாக்குறீக?"

கப்பலில் ஒரு பரிசாரகன். ஒல்லி.
கையில் சூப் கிண்ணம், விளிம்புவரை.
கப்பல் இப்படிச் சாய, அவன் அப்படிச் சாய,
நாற்காலிகள் வழுக்கி ஊர்வலம் போகின்றன.
முத்துமாலைச் சீமாட்டி ஒருத்தி
வாயைத் திறந்தபடி அவன் பாதையில்.

பூதக்கண்ணாடியைப் பிடுங்கியவள் திருப்பித் தரவில்லை.
"கடல் அசையவே இல்ல, பாருங்க.
கப்பல் மட்டும் இந்த ஆட்டம் ஆடுது."
ஜன்னலுக்கு வெளியே
துணியில் தீட்டிய ஒரே அலை.
பத்து வருஷ வேலையில் இப்படி ஒன்றை நான் கவனித்ததில்லை.
அவள் சிரித்த சிரிப்பில்
கம்ப்ரசர்காரர் எட்டிப் பார்த்தார்.
"எங்கண்ணன் வாடைக்காத்துல கஞ்சிச் சட்டியோட
இப்படித்தான் ஆடுவான். ஆனா சிந்தாது."

நானூற்றுப் பன்னிரண்டாம் சட்டத்தில்
கிண்ணம் கையை விட்டுக் கிளம்புகிறது.
நானூற்றுப் பதின்மூன்றில் தேன்.
படம் உருகிப் பழுப்பாய் ஒட்டினால்
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் அது.
பிறகு அடி அடியாய்த் தேன். அப்புறம் பொடி.
சூப் யார் மேல் விழுந்ததென்று
இனி யாருக்கும் தெரியாது.

"இதென்ன கேள்வி, அவன் மேலதான்.
தூக்குறவன் மேலதான் எப்பவும் ஊத்தும்."

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது.
பொடியான ஆறையும் குடியிருப்புக்கு வெளியே
பாதுகாப்பாக அழிக்கவும்.
தெற்குக் கரையில் குழி, ஒரு தீயணைப்பு வண்டி,
எங்கிருந்தோ இருபது பிள்ளைகள்.
மஞ்சளாய்ச் சீறிற்று.
அலை வந்து மூடியபோதும்
உள்ளேயே ஒரு மூச்சு நேரம் எரிந்தது.
காலமெல்லாம் வாய் திறக்காத படம்
அத்தனை சத்தம் போடுமென்று நான் நினைக்கவில்லை.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
மறுபடி போடச் சொன்னார்கள்.

மிச்சம் இருபத்தாறு விநாடி.
அதற்கு இன்னும் வண்டி கிடைக்கவில்லை.
வெள்ளை இறாலுக்கும் கணவாய்க்கும் நடுவே இருக்கிறது.
வாடகை நான் அனுப்புகிறேன், என் சம்பளத்தில்.
பாதுஷாவின் கோணல் எழுத்தில் ரசீது வரும்:
இதர வகை, ஒரு பெட்டி.

போன மாதம் அதன் அடியில்
பென்சிலால் வேறொரு கை:
"ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல.
ஐஸ் போட்டு மூடி வச்சோம்.
ஆளு நல்லாயிருக்காரு."