நான்கு மில்லிமீட்டர்

ஊலுவில் இரவு பதினொன்று.
வெயில் இன்னும் ஷெட் வாசலில்.
மூன்று நாள் எண்ணெயில் ஊறியும்
இரண்டாவது போல்ட் அசையவில்லை.
ரவுனி ஊதுவிளக்கைக் காட்டினாள்.
கால் சுற்று இளகி,
முறிந்தது.

துளைபோட்டு எடுக்க இன்னொரு நாள்.

புதுக் குழாயோ
சென்டர் ஸ்டாண்டில் நான்கு மில்லிமீட்டர் இடிக்கிறது.
'அப்படியே பொருந்தும்' என்றது விளம்பரம்.
அரம் எடுத்து ராவினாள், ஸ்டாண்டைத்தான்;
குழாய் இருநூற்றறுபது யூரோ.

உதைத்தாள்.
எழுபத்தெட்டாம் வருட ஹோண்டா
இருமியது, பிறகு
தொண்டை திறந்தது.
ஆற்றுப் பாலம்வரை போய்
சிரித்தபடியே திரும்பினாள்.

வளைவிலேயே சத்தம் கேட்டு
ஒன்பது வருடமாய் ஓடிவரும் ஹல்லா
வாசலை மறித்து
பல்லைக் காட்டிக் குரைத்தது.

எஞ்சினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
"நான்தான்டா."

குழாயை முகரப்போய்
மூக்கைச் சுட்டுக்கொண்டு
பழைய குழாய் கிடந்த மூலையில்
போய்ப் படுத்தது.