நாற்பதாம் நாள் ஈரல்

மாதத்தின் முதல் செவ்வாய்.
பையில் நூற்றுப் பதினாறு மாத்திரைகள்,
ஒரு டப்பா வெண்ணெய், கோடு போட்ட நோட்டு.
நோட்டில் மனிதர் பெயர் கிடையாது.
அக்தோஷ். போரோய். மோய்னோக். இன்னொரு மோய்னோக்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
பெயரே வைக்காத மஞ்சள் பெட்டை.

அலாய் பள்ளத்தாக்கில் மே மாதமும் பனிதான்.
நாய்க்கு மருந்து கொடுக்கவா கல்லூரிக்குப் போனாய்
என்று ஓஷ் நகரத்துத் தங்கை போனில் சிரிக்கிறாள்.
ஆமாம் என்கிறேன்.
கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கட்டிப்போடச் சொல்லி,
அது இருந்ததை மண்வெட்டியில் அள்ளி
எரிக்கச் சொல்லவும்தான்.

நாய் தெரிகிறது. எறியக் கல்லும் தெரிகிறது.
நாய் குந்தி எழுந்த இடம்கூடத் தெரிகிறது.
முட்டையைத்தான் காணோம்.
உறைபனி அதைக் கொல்லாது.
புல்லில் இருக்கும், வாய்க்காலில் போகும்,
ரோமத்தில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.
பின்புறத்தை நக்கிய அதே நாக்கால்
நாய் குழந்தையின் கன்னத்தை நக்கும்.
அன்புதான் அது, வேறென்ன பெயர் சொல்வேன்.
குழந்தை ரொட்டியைப் பிய்க்கும்.

பிறகு பத்து வருடம் ஒன்றுமே நடக்காது.

போன இலையுதிர் காலத்தில்
ஸ்கேன் இயந்திரம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது.
சாபிர்பெக் சட்டையைத் தூக்கிப் படுத்தார்.
ஜெல் சில்லிட்டதற்கு டாக்டரின் பரம்பரையையே வைதார்.
திரையில் ஈரலுக்குள் ஒரு வட்டம்,
கறுப்பாக, தெளிந்த நீராக.
டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார்.
"கிணறு மாதிரி இருக்கிறதே" என்றார் சாபிர்பெக்.
"என் நிலத்தில் தோண்டினால் வராத தண்ணீர்
எனக்குள் எப்படி வந்தது?"
எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஆடுகள் குட்டி போட்டு முடியட்டும்,
அப்புறம் கத்தி வைக்கலாம் என்றார்.
முடியவில்லை.
குதிரை இடறியது, கிணறு உள்ளேயே உடைந்தது.
கணவாயைத் தாண்டுவதற்குள் வண்டியில் மூச்சு நின்றது.

நாற்பதாம் நாளுக்கு ஐந்து ஆடு.
பெண்கள் குடல் கழுவிக்கொண்டிருந்தோம்.
அவர் மகன் எல்மிர்பெக் ஒரு ஈரலைப் புரட்டினான்.
வெள்ளையாக மூன்று கொப்புளம்.
விருந்தாளிக்கு ஆகாது என்று
பார்க்காமலே ஓரமாக வீசினான்.
வீசிய விதம் அப்படியே அவன் அப்பா.
அவர் தன் அப்பாவிடம் கற்றிருப்பார்.
அந்த முற்றத்தில் கெட்டவர் ஒருவரும் இல்லை.

அக்தோஷ் காற்றிலேயே பிடித்தது.

என் ஈரக்குலை பதறியது.
துக்க வீட்டில் ஓடக்கூடாது. ஓடினேன்.
வெல்வெட் அங்கியோடு சேற்றில் மண்டியிட்டு
தாடையைப் பிளந்தேன்.
அது உறுமவில்லை.
மாதாமாதம் வெண்ணெய் கொண்டுவருகிறவள் அல்லவா.
வாலை ஆட்டிக்கொண்டே
ஒரு முனையை அது இழுத்தது, மறுமுனையை நான்.
கூடாரத்துக்குள் ஓதுகிற குரல் தடுமாறி நின்றது.

சைராகுல் வந்து நின்றாள், விதவையின் கறுப்பில்.
"விடு. என்ன அது?"
"அவர் வயிற்றில் இருந்தது."

சொல்லியிருக்க வேண்டாம்.
வேறு எப்படிச் சொல்வது என்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவள் குனிந்து அந்தக் கொப்புளத்தை
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு தேநீர் கொதித்த பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு
அடுப்பைக் காட்டினாள்.
மிஞ்சிய பாதியைத் தீயில் போட்டேன்.
நீர் வெடித்துச் சீறியது.
மறுபாதி நாயின் உள்ளே.

சமைவதற்குள் எல்மிர்பெக்
மற்ற நான்கு ஈரலையும் தனித்தனியாகக் கீறிப் பார்த்தான்.
யாரும் அவனிடம் சொல்லவில்லை.

நோட்டில் எழுதினேன்:
அக்தோஷ். முதல் செவ்வாய்வரை வேண்டாம், இந்த வாரமே.
சைராகுல் நீண்ட மூக்குள்ள கூஜாவோடு வந்து
என் கைகளுக்கு வெந்நீர் ஊற்றினாள்.
ஒருமுறை. இன்னொருமுறை.
நகக்கண்ணைக் காட்டு என்றாள், காட்டினேன்.

நாய் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது,
வெண்ணெய் வருமென்று.