நான்கு விரற்கடை

சுரங்கத்தை மூடினார்கள்.
வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கரியும் அதோடு நின்றது.
பிறகு கேஸ் சிலிண்டர்:
நான்கு நிமிடம் வெந்நீர்,
ஐந்தாவது நிமிடம்
அயேர் ஆறே தலையில் வந்து விழும்.

கொல்லையில் ஆப்பிள் கவாத்துக் குச்சிகள்
இடுப்பளவு கிடந்தன. கட்டைவிரல் தடிமன்கூட இல்லை.
பழைய அடுப்பு அவற்றை மதிக்காது,
கண்ணைக் கரித்துவிட்டு அணைந்துபோகும்.
நான் கட்டப்போகும் அடுப்புக்கு
இவை போதும் என்றேன்.
ஷுர்தே சிரித்தான்.
இருபத்து நான்கு வருடம் மலைக்கு அடியில் கரி வெட்டியவனிடம்
சுள்ளியைக் காட்டினால்
சிரிக்காமல் என்ன செய்வான்.

தீச்செங்கல் முப்பத்தெட்டு,
எலாதியோவின் இடிந்த ரொட்டி அடுப்பிலிருந்து.
விலை: உப்பிட்ட பன்றித்தொடை ஒன்று.
வாய் வானம் பார்த்து இருக்கவேண்டும்.
தொண்டை தரையோடு படுக்கவேண்டும்.
அப்புறம் நெஞ்சுயரம் நிமிரும் ஒரு புகைக்கூண்டு,
அதற்குக் களிமண்ணும் பெர்லைட்டும் குழைத்த போர்வை.
எல்லாவற்றின் மேலும் எண்ணெய் பீப்பாயைக் கவிழ்த்தோம்.
இடுக்கில் செம்புக் குழாய் பதினெட்டு மீட்டர்,
சுருண்டு அடைகாக்கும் பாம்பு மாதிரி.

வெல்டிங் என் வேலை.
சண்டை வால்வில் வந்தது.
கடைக்காரன் தந்த பித்தளை வால்வு,
அழுத்தம் ஏறினால் தானே திறக்குமாம்.
ஷுர்தே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.
"ஒருநாள் இது திறக்க மறந்தால்?"
மறக்காது என்றேன்.
அவன் நான்கு பேர்களின் பெயரைச் சொன்னான்.
வால்வைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
நான் ஒன்றும் பேசவில்லை.
பரணில் ஏற்றிய தொட்டியிலிருந்து
கூரை ஓட்டைத் தாண்டி
மழையைப் பார்த்துத் திறந்த குழாய் ஒன்று
அன்றைக்கே போனது.

நவம்பர், செவ்வாய்க்கிழமை.
செய்தித்தாள் ஒரு தாள், குச்சி ஐந்து.
நெருப்பு முதலில் என் முகத்தைப் பார்த்தது,
பிறகு மனம் மாறி உள்ளே திரும்பிப்
படுத்தவாக்கில் எரிந்தது.
ஓர் உறுமல்.
தூரத்து மலைச்சாலையில் லாரி ஏறுகிற சத்தம்.
வெளியே ஓடிப் பார்த்தேன்:
புகைபோக்கிக்கு மேலே காற்று மட்டும் நடுங்கியது.

பதினைந்து நிமிடம். தொட்டி ஜில்லென்று இருந்தது.
இருபது.
அப்போதுதான் குழாய்க்குள் யாரோ தட்டினார்கள்.
டொக்.
டொக் டொக்.

என் தோளைப் பிடித்து
அவன் என்னை முற்றத்துக்கு எறிந்தான் என்றே சொல்லவேண்டும்.
சேற்றில் முழங்கால். மேலே
திறந்த குழாய் இரண்டு முறை இருமி
ஓட்டின் மேல் வெந்நீரைத் துப்பியது.
அவ்வளவுதான்.
வேறொன்றும் வெடிக்கவில்லை.
அவன் கைதான் என் தோளைவிட்டு
வெகுநேரம் இறங்கவில்லை.

தப்பு என்னுடையது.
படிக்கட்டுத் திருப்பத்தில்
குழாய் கொஞ்சம் தொய்ந்திருந்தது.
ஏறுகிற தண்ணீருக்கு இறக்கம் பிடிக்காது,
பள்ளத்துக்கு முந்தைய மேட்டில் காற்று உட்கார்ந்துகொண்டது.
அடுப்பு ஆறியபின் கொக்கியைக் கழற்றி
நான்கு விரற்கடை உயர்த்தினோம்.
மறுபடி ஐந்து குச்சி.
இம்முறை அவன் குழாயில் காதை வைத்து
கையால் சூட்டைத் தொடர்ந்தான்,
படி படியாக, பரண் வரைக்கும்.
"போகிறது" என்றான். "தானாகவே போகிறது."
மோட்டார் இல்லை, ஒன்றும் இல்லை.

சுரங்கத்திலேயே குளித்துவிட்டு வருகிறவன்.
அத்தனை வருடத்தில்
அவன் மாலைக்குளியலை நான் கேட்டதே இல்லை.
அன்று கதவுக்கு வெளியே கேட்டேன்:
பத்து நிமிடம், பதினைந்து,
தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.
உள்ளே போனபோது
காதுக்குப் பின்னால் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தான்,
காலடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி.
அது தெளிவாகத்தான் ஓடியது.
"கரி வரவில்லை" என்றான்,
ஏதோ பழுது என்பதுபோல.

இடதுபக்க இணைப்பு இன்னும் கசிகிறது.
கீழே மத்தி மீன் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன்.
வியாழக்கிழமை பார்க்கவேண்டும்.