தெரிவிக்கப்படும்

தீபாவளிக்குப் பதினோரு நாள்.
மனகோலம் நாற்பத்தாறு டப்பா,
சீப்புச்சீடை முப்பது.
கூரியர் பையன் நான்கரைக்கு வருவான்.
கண்டனூரில் எங்கள் வீட்டுப் பின்வாசல்
அவன் வண்டிக்கே தெரியும்.
முகவரி அடிக்கும் புதுப் பிரிண்டருக்குத்தான்
இந்தக் கணினியைத் தெரியவில்லை.

கறுப்புத் திரையைத் திறந்தேன்.
பிரிண்டரோடு வந்த தாளைப் பார்த்து
சூடோ என்று தொடங்கி
எழுத்தெழுத்தாய் அடித்தேன்.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
உமையாள் பட்டியலில் இல்லை என்றது.
இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்றது.

சம்பவமாம்.
யாருக்குத் தெரிவிக்கும்?
வீட்டில் நானும்
கீச்சிடும் யூபிஎஸ்ஸும்
பங்காளிகள் பூட்டிப்போன
பதினாலு அறைகளும்தான்.

வளவில் ஒரு கல் மாற்றவும்
எங்களுக்கு எட்டுக் கையெழுத்து வேண்டும்.
ஒருவர் பினாங்கில்.
ஒருவர் பேசுவதில்லை.
அதனால் முடியாது என்ற சொல்
எனக்குப் பழக்கம்தான்.
ஆனால் இந்தப் பெட்டிக்குத் தவணை கட்டியது
தேன்குழல் விற்ற காசு.

மஸ்கட்டுக்கு அழைத்தேன்.
சாத்தப்பன் மீட்டிங்கில் இருந்தார்,
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"ரூட்டா உள்ள போ. ரூட்டுன்னா வேர்."
எனக்கு வேறு என்று காதில் விழுந்தது.

வேறு வைத்தார்கள் எங்களை,
கல்யாணமான மறுவருடம், இதே வீட்டில்.
தனி அடுப்பு, தனி அரிசி,
கரண்டி எத்தனை என்பதுவரை
எண்ணி எழுதிய தாள் இன்னும் பீரோவில்.
கோயில் கணக்கில் நாங்கள் ஒரு புள்ளி.
பேர் அவருடையது.

"பெரிய எழுத்து ஒண்ணு, அப்புறம் நம்பர் நாலு..."
அடித்தேன்.
திரையில் எதுவும் அசையவில்லை.
"விழலையே?"
"விழாது. அடி."
நட்சத்திரம் இல்லை, வட்டம் இல்லை,
அடித்த எழுத்துக்கு
ஒரு புள்ளிகூட விழவில்லை.

பிறகு திறந்தது.
வரியின் முனையில் டாலர் குறி போய்
வளவுக்கு மேல் போட்ட கம்பிவலையில்
ஒரு கண்ணியைப் போல வேறொரு குறி.
"பாத்து. இங்க ஆமாவா இல்லையான்னு கேக்காது.
சொன்னா செஞ்சிடும்."
வைத்துவிட்டார்.

சொன்னேன். செய்தது.
பிரிண்டர் இருமி, இழுத்து,
குளித்தலை முகவரியைத் துப்பியது.
இப்படிப் பணிகிறவர்கள் யாரையும்
நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது.

அடுத்த வரியில்:
உங்களுக்கு அஞ்சல் வந்திருக்கிறது.

அறுபத்து மூன்று கடிதங்கள்.
எல்லாம் என்னைப் பற்றி.
ஜூலை ஒன்பது, இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு:
உமையாள், தமிழ் எழுத்துரு நிறுவ முயற்சி.
மார்ச் நான்கு: உமையாள், கடிகாரத்தைத் திருத்த.
அதே நாள், ஐந்து நிமிடம் கழித்து, மறுபடி.
பொங்கலன்று ஒன்று,
என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை.
மூன்று வருடம்
யாரும் திறக்காத பெட்டிக்கு
என்னைப் பற்றி ஒழுங்காக எழுதியிருக்கிறது.
இவ்வளவு அக்கறையாய் என் நேரத்தைக்
குறித்துவைத்தவர் யாருமில்லை.
சிரித்தேன். பிறகு
ஒவ்வொன்றாய்ப் படித்தேன்.

பட்டியலைத் திறந்தபோது
மணி நாலு இருபது.
அவர் பேர் இருந்த வரிக்குக் கீழே
என் பேரை அடித்தேன்,
இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் திரையில் விழுந்தது.

முடித்துவிட்டு மூடியிருக்கலாம்.
கர்சர் ஒரு வரி மேலே போனது.
அவர் பேரின் முதல் எழுத்தில் நின்று
மினுக் மினுக் என்றது.
ஒரு விசை. ஆமாவா என்று கேட்காது.
அரை நிமிடம் இருக்கும்.

எடுக்கவில்லை.
அந்த அரை நிமிடம் பற்றி
எந்தப் பெட்டிக்கும் கடிதம் போகவில்லை.

பின்வாசலில் ஹாரன்.
நாற்பத்தாறு டப்பாவை எண்ணினேன்,
நாற்பத்தைந்துதான் இருந்தது.
மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில்,
மூடி திறந்து
பாதி காலியாய் ஒன்று.