பாதி அறுத்த இழை

முதலில் நான் வரைந்த வீட்டில் எல்லாம் இருந்தது.
கேஸ் அடுப்பு, கம்பி போட்ட ஜன்னல்,
நகரி ஜவுளிக்கடைக் காலண்டர்.
பல்லிக்குக்கூட ஓர் இடம் குறித்திருந்தேன்.
தணிகைவேல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"வீடு சரி.
பதினோரு வருஷமா ரெண்டு பேர் பேசிக்காதது
இதுல எங்க இருக்கு?"

ஒவ்வொன்றாக எடுத்தேன்.
அடுப்பு போனது. ஜன்னல் போனது.
பல்லி கடைசியாகப் போனது.
சுவர் மட்டும் நின்றது, சொல்லுக்குக் கட்டுப்படாமல்.

அன்று பள்ளிப்பட்டில் கரண்ட் இல்லை.
எல்லாத் தெருவிலும் தறி நின்றுபோய்
ஊரே காதைப் பொத்திக்கொண்டிருந்தது.
நடந்து போனேன்.
நாடகத்துக்குள் நடப்பது மாதிரி இருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் கொட்டகையில்
பாதியில் கைவிட்ட பாவு ஒன்று,
சாயம் ஏறாத வெள்ளை, கஞ்சி வாசம்.
கூட்டாளி கடனுக்கு ஓடிப்போன நாளில் நின்ற தறி.
"தீஸ்கோ" என்றார், விலை சொல்லாமல்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
எக்ஸெல் வண்டியில் கட்டிக் கொண்டுவந்தேன்.
செக்போஸ்ட்டில் என்ன சரக்கு என்று கேட்டார்கள்.
சுவர் என்றேன்.
சிரித்து, தடுப்பைத் தூக்கிவிட்டார்கள்.

மேடை நடுவே மேலிருந்து கீழாக
முன்னூற்றுப் பன்னிரண்டு இழை.
அந்தப் பக்கம் மொகிலி, இந்தப் பக்கம் தேசம்மா.
பார்க்கலாம். கை நுழையும். ஆள் நுழைய முடியாது.
பின்னாலிருந்து விளக்குப் போட்டால்
சுவரே இல்லை.
முன்னாலிருந்து போட்டால்
அவன் இல்லை.

ஒத்திகைக்கு டீ கொண்டுவந்த தறிக்காரர்
தூக்கை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.
"படுகு உந்தி. பேக்க லேது."
பாவு இருக்கு, ஊடை இல்லை.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
ஊடை என்று எழுதப்போய்
ஊடல் என்று எழுதியிருந்தது கை.
அடிக்கவில்லை.
அதுவும்தானே இல்லை இவர்களுக்கு.

பள்ளி மைதானத்தில் முதல் ஆட்டம். ஆற்றுக் காற்று.
மூன்றாம் காட்சியில் தேசம்மா அரிசி புடைக்கையில்
முறத்தின் விளிம்பு பட்டு ஓர் இழை அறுந்தது.
மொகிலி அந்த இடத்தில்
கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டியவன்.
எழுந்தான்.
எச்சில் தொட்டு இரண்டு நுனியையும் உருட்டி
ஒரே சுண்டில் முடிச்சுப் போட்டுவிட்டுப்
போய் உட்கார்ந்தான்.
பகலில் எட்டுத் தறி பார்க்கிற கை.
அறுந்ததைக் கண்டால் அதற்கு நாடகம் தெரியாது.

இருமிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.
முறம் அந்தரத்தில்.
தேசம்மா வசனத்தை மறந்தாளா, விட்டாளா,
இன்றுவரை சொல்லவில்லை.
இருட்டில் தணிகைவேல் என் மணிக்கட்டை நெரித்தான்.
"கெடுத்துட்டான்."
கொஞ்சம் பொறுத்து,
"இல்ல."

அடுத்தது புத்தூரில்.
யாருக்கும் சொல்லாமல் ஆறு மணிக்கே போய்
இடப்பக்கமிருந்து நாற்பதாவது இழையைப்
பிளேடால் பாதி அறுத்துவைத்தேன்.

முறம் பட்டது.
இழை ஆடியது.
அறவில்லை.

மொகிலியின் வலது கை மட்டும்
தொடையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி
அங்கேயே நின்று
பிறகு
படுத்துக்கொண்டது.