வாறன்

புதுக்கடை மேல் நீதிமன்றம், மூன்றாம் நாள்.
மின்விசிறிக்கும் ஜன்னல் காகத்துக்கும் நடுவே நின்று
ஒரு சொல்லை வாயில் வைத்திருக்கிறேன்.
அதைச் சிங்களத்தில் போட வேண்டும்.

சொன்னவன் யூட் ரொஷான். இருபத்திரண்டு. முகத்துவாரம்.
செத்துப்போனான்.
கேட்டவர் தெய்வேந்திரம். அறுபத்தொன்று.
செட்டியார் தெருவில் அடகுக்கடை.
உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி,
பதினோராண்டாக எண்ணெய் போட்டுத் துடைத்ததோடு சரி.
சுட்டுப் பழகியது இரண்டே தடவை,
மைத்துனரின் தென்னந்தோட்டத்தில், தகரப் பேணிக்கு.
பேணி வாசலால் ஓடாது.

துப்பாக்கி இப்போது மேசையில்,
சந்தைக்கு வந்த ஆடு போல
கழுத்தில் அட்டை தொங்க.

கத்தி அவர் தொண்டையில் இருந்தது. அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.
தட்டிலிருந்த சங்கிலிகளை வாரினான். அதிலும் இல்லை.
அந்த நேரம் சுட்டிருந்தால்
நாங்கள் எல்லோரும் மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போயிருப்போம்.
அந்த நேரம்
துப்பாக்கி லாச்சியில்.
லாச்சிச் சாவி சட்டைப் பையில்.
சட்டை, வெக்கைக்குக் கழற்றி, ஆணியில்.

"வாசல்ல நிண்டு திரும்பிப் பாத்து
ஒரு சொல்லுச் சொன்னவன்."
என்ன சொல்?
"வாறன்."

வாறன் என்றால் வருகிறேன்.
வாறன் என்றால் போகிறேன்.
காலையில் கொட்டாஞ்சேனைப் படியில் செருப்பை மாட்டியபடி
நானும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.
எங்கள் வீடுகளில் வெறுமனே போகிறவர்
பாடையில் போகிறவர்தான்,
அவரும் சொல்லிக்கொள்வதில்லை.
சிங்களத்திலும் போய்விட்டு வருவதுதான் வழக்கம்,
நீதிபதிக்கும் தெரியும்.
இருந்தும் கேட்கிறார்:
மிரட்டலா, விடைபெறலா?
இரண்டையும் சொன்னேன்.
ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

வாசற்படியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் பதினேழு அடி.
முதல் குண்டு முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே.
இரண்டாவது எதிர்க்கடை ஷட்டரில்,
பிளேன்ரீ கொண்டுவந்த பெடியனின் தலைக்கு ஒரு முழம் மேலே.
அந்தப் பெடியன், பஸ்லான், சாட்சிக் கூண்டில் நின்று
முழத்தைத் தன் கையாலேயே அளந்து காட்டினான்.
சின்னக் கை.
மூன்று நாளில் அப்போதுதான்
தெய்வேந்திரம் தலை குனிந்தார்.

சுடுமுன், அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தீர்களா?
"எனக்கு அவன்ர முதுகு மட்டுந்தான் தெரிஞ்சது."
முதுகு என்று நான் சொன்னதும்
அவருடைய சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார்.

உயிர்ப்பயம் உள்ளவரை தற்காப்பு.
பயம் முடியும் இடத்தில் உரிமையும் முடியும்.
சட்டப்புத்தகத்தில் அதற்கு ஒரு கோடு உண்டு.
செட்டியார் தெருவில் அந்தக் கோடு
படிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் எங்கேயோ,
அன்றிரவே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட சீமெந்தில்.

உங்கள் பயம் எப்போது முடிந்தது?
நெடுநேரம் யோசித்தார். காகம்கூட எழுந்து போய்விட்டது.
"இன்னும் முடியேல்லை, ஐயா."
மொழிபெயர்க்க மிக இலகுவான வசனம்.
கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்றார்கள்.

மூன்றாம் வாங்கில் யூட்டின் தங்கை,
கார்மென்ட்ஸ் அடையாள அட்டையைக் கழற்றாமல்.
வீட்டை விட்டு இறங்கும்போது அண்ணன் அந்தச் சொல்லை
எப்படி இழுப்பான், எங்கே வெட்டுவான்
என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.
சாட்சிப் பட்டியலில் அவள் இல்லை.
வாயைத் திறந்தாள், ஒருமுறை,
கொட்டாவியாகவும் இருக்கலாம். இரவு வேலை.

வழக்கு பதினாலாம் திகதிக்கு.
காவலர் முழங்கையைப் பிடிக்க, கூண்டுப் படி இறங்கையில்
மூன்று நாளாகத் தன் நாக்காக நின்றவளைப் பார்த்து
பழக்கதோஷத்தில்
"வாறன், பிள்ளை" என்றார்.

பதிவில் அது இல்லை.
மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.