முகப்புப் படம்

ஈஜிபுராவில், ஃப்ளெக்ஸ் கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு மூன்று மணி, கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் நாற்பது சதவீதம் மிச்சம்.
வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்துக்கு இணையதளம்:
எழுத்தெல்லாம் தயார்.
மேலே அகலமாய் ஒரு சாம்பல் கட்டம் மட்டும்
படம் கேட்டுக் காத்திருக்கிறது.

முதலில் காட்டியது காசுக்குக் கிடைக்கும் படம்.
துடைப்பம் பிடித்துச் சிரிக்கும் பெண்.
"யாரு இவ?" என்றாள் அஞ்சலாட்சி.
மாடல் என்றேன்.
"நகத்தப் பாரு."
எல்லோரும் நகத்தைப் பார்த்தார்கள்.

அடுத்தது, சுருக்கம் விழுந்த இரண்டு கைகள்.
கறுப்பு வெள்ளை. எனக்கு ரொம்பப் பிடித்த படம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பவுனு தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.
தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

உங்கள் முகங்களையே எடுக்கலாமே?
"பெல்லந்தூர் மேடம் பார்த்தா
நாளைக்குக் காலையில கேட்டுல என் பேரு இருக்காது."
உண்மைதான். செயலியில் ஒரு தொடுதல் போதும்.
முகம் இல்லாமல் ஒரு முகப்பு.
இந்தச் சிலேடையை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் நாகவேணி பர்ஸைக் கவிழ்த்தாள்.
ஐந்து வீட்டுச் சாவி,
சோனி வேர்ல்ட் சிக்னலில் தொடங்கி அகரா வரைக்கும்.
"எங்க வீட்டுக்குத் தாழ்ப்பாள்தான்."
இதுதான், இதுதான் என்று எழுந்துவிட்டேன்.
ஜன்னல் வெளிச்சம், உள்ளங்கை,
ஒவ்வொரு பல்லும் கூர்மையாய் விழுந்த படம்.

"அழிச்சிரு" என்றாள் செயலாளர் மரியபுஷ்பம்.
"போட்டோவப் பார்த்தே சாவி வெட்டுறவன் இருக்கான்.
நம்பிக் குடுத்தது."
அழித்தேன்.
குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்கிறேனா என்று
பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

பதினெட்டு சதவீதம். டீ வந்தது.
ரத்னம்மா கன்னடத்தில் என்னவோ சொல்ல
அறையே சிரித்தது.
எனக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னாள்:
"ஒக்காந்திருக்கற மாதிரி போடுப்பா.
பதினாறு வருஷம், எட்டு வீடு.
ஒரு வீட்டுலயும் நாற்காலில ஒக்காந்ததில்ல.
தொடைச்சிருக்கேன்.
நல்லாத் தொடைச்சிருக்கேன்."

கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன்.
வாடகைக்கு எடுத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள்,
முதுகில் ஷாமியானாக்காரன் பெயர், பாதி உரிந்து.
பதினோரு கொண்டை. ஒரு கனகாம்பரம்.
நுனியில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக
இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழுசாய்ச் சாய்ந்தார்கள்.
நாற்காலிகள் கிறீச்சிட்டன.
பவுனு வலது காலைத் தூக்கி
இடது காலின் மேல் போட்டாள்.
போட்டுவிட்டு, திரும்பாமலே கேட்டாள்,
"எடுத்துரட்டுமா?"
காலையா, படத்தையா என்று புரியாமல்
வேண்டாம் என்றேன், பிறகு எடுத்தேன்.
கொஞ்சம் ஆடிப்போன படம்.
இன்னொன்று எடுப்பதற்குள் மடிக்கணினி அணைந்தது,
அஞ்சு மணி வீடுகளுக்கு நேரமாகிவிட்டது என்று
எல்லோரும் எழுந்தும்விட்டார்கள்.

ராத்திரி ஏற்றும்போது
படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி கேட்டது:
கண் தெரியாதவர்களுக்கும்
படம் திறக்காத மெதுவான போன்களுக்கும்
இதில் என்ன இருக்கிறது, ஒரு வரியில்.
'சங்கக் கூட்டத்தில் பெண் தொழிலாளர்கள்.'
அழித்தேன்.
'உரிமைக்காக ஒன்று சேர்ந்த' என்று தொடங்கி
பாதியிலேயே அழித்தேன்.
மணி பன்னிரண்டரை.
'பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.'
சேமித்தேன்.
படுக்கப் போனவன் திரும்பி வந்து
'நாற்காலியில்' என்று சேர்த்து
மறுபடி சேமித்தேன்.